காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை வரும் கதை: எந்த இடத்தில் பொய்யாகிறது?

அடிவாரத்தான் கேட்டது:

வணக்கம். சேர்வராயன் மலையில் நடக்கிற ஒரு குறுநாவல், இரண்டாம் படி முடிந்து மூன்றாவதில் நிற்கிறது. கதை இவ்வளவுதான்: நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். டிசம்பர் மாதம், பழம் பறிப்பு. ஒற்றைக் காட்டெருமை ஒன்று தோட்டத்துக்குள் சுற்றுகிறது. பறிக்க வந்த முத்தம்மாளைக் குத்திவிடுகிறது. ஊர் கொதிக்கிறது. கடைசியில் மாடு ஒரு பழங்கிணற்றில் விழ, அன்றிரவே வனத்துறை மயக்க ஊசி போட்டுத் தூக்குகிறது.

முதல் படியில் மாடு சினிமா வில்லன் மாதிரி வந்திருந்தது. அதைச் சரிசெய்யப் போய் இரண்டாம் படியில் சாமியாராகிவிட்டது. எல்லாம் அறிந்த கண்கள், மனிதனை மன்னிக்கிற பார்வை, அந்த வகை. இரண்டுமே பொய் என்று தெரிகிறது, எங்கே கோணுகிறது என்றுதான் பிடிபடவில்லை. ஒரு பத்தியை அப்படியே போடுகிறேன். தயங்காமல் கிழிக்கலாம்.

"பனி விலகியது. ஆதிக்காடு மூச்சுவிட்டது. வெள்ளைப் பூக்களும் சிவந்த பழங்களுமாகக் குலுங்கிய செடிகளின் நடுவே நின்று அது பழங்களை வெறியோடு மேய்ந்துகொண்டிருந்தது. முத்தம்மாளைக் கண்டதும் நிமிர்ந்தது. கண்கள் நெருப்புத் துண்டங்களாய் எரிந்தன. இருநூறு வருடமாக மலை அடக்கிவைத்த கோபம் அந்தக் கொம்புகளில் ஏறியது. மண்ணைப் பிராண்டிவிட்டு, தூரத்திலிருந்தே அவளை நோக்கிப் பாய்ந்தது."

மாடு எதற்காக உள்ளே வரும், குத்து எப்படி நடக்கும், கிணற்றுக் காட்சி நிற்குமா? காட்டெருமை என்று எழுதுவதா, காட்டுமாடு என்பதா என்பதும் ஒரு சந்தேகம்.

களத்துமேடு எழுதியது:

செடியிலிருந்தே தொடங்குகிறேன், முதல் பொய் அங்கேதான் இருக்கிறது. அரபிக்கா வகைக் காப்பியில் பூவும் பழுத்த பழமும் சேர்ந்து குலுங்காது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் செடியைப் பூக்கவைக்கிற 'பூமழை' ஒன்று விழ வேண்டும், 20 முதல் 40 மில்லிமீட்டர் வரை. விழுந்த எட்டு, பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் வெளுக்கும். இரண்டு மூன்று நாளில் அத்தனையும் வாடிவிடும். அந்தப் பூ பழமாகிச் சிவக்க எட்டு, ஒன்பது மாதம். டிசம்பரில் முத்தம்மாள் பறிப்பது போன மார்ச்சில் பூத்ததை.

அடுத்தது 'ஆதிக்காடு'. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தலைக்கு மேலே தெரிகிற மரங்களில் நிறைய சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், நிழலுக்கும் மிளகுக்கொடி ஏற்றவும் நட்டது. காப்பியே 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்ததுதான். நீங்கள் காடு என்று வர்ணித்திருப்பது கூரை போட்ட தோட்டத்தை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கதையின் கலக்கமே இங்கேதான் கிடைக்கும் என்கிறேன். நமக்கு அது பட்டா நிலம். மாட்டுக்கு அது நிழலும் புல்லும் ஓடையும் உள்ள இன்னொரு சரிவு. தேயிலை மாதிரி இடுப்புயரத்தில் சமமாக வெட்டிய தோட்டமாக இருந்தால் மனிதரும் மாடும் தூரத்திலேயே ஒருவரையொருவர் பார்த்து ஒதுங்கிக்கொள்வார்கள். காப்பித் தோட்டத்தில் அது முடியாது.

பழத்தை மேயவா வருகிறது? இல்லை. வரிசைகளுக்கு இடையில் முளைக்கிற புல், களை, ஓரத்துப் புதர்த்தழை, பள்ளத்து ஓடைத் தண்ணீர், இவற்றுக்குத்தான் வரும். வெளியே மேய்ச்சல் வெளிகளை உண்ணிச்செடி மூடிக்கொண்டால் தோட்டத்துக்குள் இன்னும் அதிகமாக வரும். முதலாளிக்கு ஆகிற நட்டம் பழத்தில் அல்ல, மிதிபடுவதில். செத்த செடிகளுக்குப் பதிலாக நட்ட நாற்று வரிசையில் முக்கால் டன் உடம்பு நடந்துபோனால் நாற்று முறிந்துவிடும். அரபிக்கா நட்டு முதல் காய் பார்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். எஸ்டேட்காரருக்கு மாட்டின்மேல் கோபம் வர வேண்டுமானால் இந்தக் கணக்கிலிருந்து வரட்டும், மலையின் சாபத்திலிருந்து வேண்டாம்.

இப்போது உயரம். இந்தக் கதையில் உங்கள் கையிலிருக்கும் பெரிய கருவி இதுதான். ஒற்றைத்தண்டு முறையில் வளர்க்கிற அரபிக்காவை முதலில் இரண்டரை, மூன்றடியில் நுனி வெட்டுவார்கள், பிறகு ஐந்தடி சுமாரில். வளர்ந்த ஆண் மாட்டின் தோள் ஐந்தரை, ஆறடி இருக்கும். ஆக அது வரிசைக்குள் நிற்கும்போது முதுகுமேடு மட்டும்தான் செடிக்கு மேலே தெரியும். பனியில் நனைந்த பாறை என்றே நினைக்கத் தோன்றும். ஆள் குனிந்துவிட்டால் அதுவும் தெரியாது.

முத்தம்மாள் எதற்குக் குனிகிறாள்? உதிர்ந்த பழம் பொறுக்க. தரையில் கிடக்கிற பழத்தை விட்டுவைத்தால் காய்த்துளைப்பான் வண்டு அதற்குள்ளேயே பெருகி அடுத்த வருடக் காய்ப்பில் ஏறும். அதனால் பொறுக்கியே ஆக வேண்டும் என்று மேஸ்திரி பின்னாலேயே நிற்பார். சரி, எதற்குத் தனியாக இருக்கிறாள்? பறிப்பு ஆட்கள் கூட்டமாகப் போவார்கள், பேச்சும் சிரிப்பும் செல்போன் பாட்டுமாக இருக்கும். அந்தச் சத்தத்துக்கே மாடு விலகிப்போய்விடும். ஆனால் கூலி கிலோ கணக்கில் என்றால், காய்ப்பு கனத்த வரிசையைப் பிடிக்க ஒருத்தி முன்னே தள்ளிப் போவாள். அவள் தனியே மாட்டிக்கொள்வதற்கு விதியைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை, கிலோவுக்கு இவ்வளவு என்கிற கூலி போதும்.

கண்கள் எரிவது பற்றி ஒரு வரி: வெளிச்சம் பட்டால்தான் விலங்கின் கண் மின்னும். ராத்திரி டார்ச்சில் சரி, காலைப் பனியில் எரியாது.

வெண்காலுறை எழுதியது:

குத்துக்கும் கிணற்றுக்கும் நான் சொல்கிறேன்.

மண்ணைப் பிராண்டிவிட்டுப் பாய்வது வாடிவாசல் காளையின் படம். காட்டுமாடு மிரட்டும்போது பெரும்பாலும் முகத்தைக் காட்டாது, பக்கவாட்டில் திரும்பி நிற்கும். முதுகை வளைத்து உயர்த்தி, தன் உயரம் முழுதும் தெரியும்படி மெதுவாக நடக்கும். 'நான் இவ்வளவு பெரியவன், பார்த்துக்கொள்' என்பதுதான் அது. நகரத்து ஆள் இதைப் பார்த்துவிட்டு 'சாதுவாக நிற்கிறது' என்று போட்டோ எடுக்கப் போவார். அச்சம் வந்தால் மூக்கால் சீறும், சீழ்க்கையும் தும்மலும் கலந்த மாதிரி ஒரு சத்தம். சீறியபின் பெரும்பாலும் திரும்பி ஓடிவிடும். தூரத்தில் ஆளைப் பார்த்துத் தேடிவந்து குத்துவது அதன் வழக்கமல்ல.

குத்து நடக்க நான்கைந்து சூழல்தான் உண்டு: சில அடி தூரத்தில் இருவரும் திடீரென்று எதிர்ப்படுவது, அது போகிற வழி அடைபட்டிருப்பது, பக்கத்தில் கன்று இருப்பது, காயம், அல்லது கொஞ்ச நேரத்துக்கு முன் கூட்டம் சேர்ந்து அதை விரட்டியிருப்பது. கடைசியது உங்கள் கதைக்கு ரொம்பப் பொருந்தும். முந்தின ராத்திரி பக்கத்துத் தோட்டத்தில் பட்டாசு வெடித்து விரட்டியிருந்தால் காலையில் அது கலைந்துபோய், எங்கோ தெரியாத வரிசையில் நிற்கும். அப்போது முத்தம்மாளின் காயத்தில் அந்தப் பட்டாசுக்கும் பங்கு வந்துவிடுகிறது, யாரும் அதை வாயால் சொல்ல வேண்டியதில்லை.

கொம்பு கீழிருந்து மேலே கொக்கிபோல இழுக்கும், ஆகவே தொடை, இடுப்பு, அடிவயிறு. வெளியே துளை சிறிதாக இருக்கும், உள்ளே கிழிசல் பெரிது. ரத்தம் அதிகம் வராததைப் பார்த்துக் கூட இருப்பவர்கள் 'பெரிசா ஒண்ணுமில்ல' என்பார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வருவதற்குள் முகம் வெளுத்துவிடும். வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணி உருக்காதீர்கள், அந்த வெளுப்பு ஒன்றே காட்சியைத் தாங்கும்.

இன்னொன்று. ஒற்றை ஆண் என்றால் 'கூட்டத்தால் துரத்தப்பட்டது' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. வளர்ந்த ஆண்கள் தனியாகத் திரிவது சாதாரணம். கூட்டத்தை நடத்துவது மூத்த பசு. டிசம்பரிலிருந்து இனச்சேர்க்கை வேகம் எடுக்கும், அப்போது ஆண் பசுக்கூட்டத்தைத் தேடி இடம் மாறும். உங்கள் மாடு அந்தத் தோட்டத்தைக் கடப்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. அது பழிவாங்க வரவில்லை, பெண்பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறது.

கிணறு. கைப்பிடிச்சுவர் இல்லாத, புதர் மூடிய கிணறாக இருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு தண்ணீர் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள், மிச்சமெல்லாம் அதைப் பொறுத்தது. நீந்துகிற ஆழமென்றால் சில மணி நேரத்தில் சோர்ந்து மூழ்கிவிடும், மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்க வேண்டும். இடுப்பளவு என்றால் நிற்கும், நேரம் கிடைக்கும். தண்ணீரில் நிற்கும் மாட்டுக்கு மயக்க ஊசி போட்டால் தலை சாய்ந்து மூழ்கும், அதனால் போடமாட்டார்கள். முதல் வழி பொக்லைன் கொண்டுவந்து கிணற்றின் ஒரு பக்கத்தை வெட்டிச் சரிவு போடுவது. 20 அடி ஆழத்துக்கு மாடு ஏறுகிற சாய்வு வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 60 அடி நீளம் வெட்ட வேண்டும். பாறை தட்டினால் அங்கேயே வேலை நிற்கும். சேர்வராயனில் பாறை தட்டாமல் 20 அடி தோண்டுவதே பெரிய விஷயம், அது வேறு கதை.

வெட்டி முடித்தபின்தான் நிஜமான சிக்கல்: வேடிக்கை பார்க்கிற கூட்டம். சரிவின் வாயில் பத்துப் பேர் செல்போனோடு நின்றால் மாடு ஏறாது, பாதி ஏறித் திரும்பி மறுபடி விழும். எல்லோரையும் விலக்கி, விளக்கை அணைத்து, காத்திருக்க வேண்டும். விடிவதற்குள் எந்த நேரமும் போகலாம். போனது யாருக்கும் தெரியாமலே போய்விடவும் கூடும். கதாசிரியருக்குக் கிடைத்த வரம் அது, நீங்களோ அந்த இடத்தில் ஊசியை வைத்திருக்கிறீர்கள்.

ஊசிதான் வேண்டுமென்றால் இதையெல்லாம் சரியாகச் செய்யுங்கள். சுட்டவுடன் விழாது, பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், அதுவரை ஓடும். பள்ளம் இருக்கிற மலையில் அந்தப் பத்து நிமிடம்தான் ஆபத்து. விழுந்ததும் பக்கவாட்டில் படுக்கவிடக் கூடாது. அசைபோடும் விலங்கு, வயிறு உப்பிவிடும், இரைப்பையிலிருந்து மேலே வருவது மூச்சுக்குழாயில் இறங்கும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி இருபுறமும் முட்டுக்கொடுத்து, தலையை உயர்த்திப் பிடிப்பார்கள். கண்ணை ஈரத்துணியால் மூடுவார்கள், உடம்பு சூடேறாமல் தண்ணீர் ஊற்றுவார்கள். முறிமருந்து போட்ட சில நிமிடத்தில் எழுந்துவிடும், அதற்குள் எல்லோரும் விலகியிருக்க வேண்டும்.

இதில் அனுமதி விஷயமும் உண்டு. காட்டுமாடு 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மயக்கிப் பிடிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து உத்தரவு வேண்டும், அவர் இருப்பது சென்னையில். 'ராத்திரியே வனச்சரகர் முடிவெடுத்தார்' என்று உங்கள் இரண்டாம் படி போகுமானால் அங்கே கதை விழுந்துவிடும். அவர் கையைப் பிசைந்துகொண்டு உத்தரவுக்குக் காத்திருக்கட்டும். ஊர்க்காரர்கள் அவரைத் திட்டட்டும்.

இறைச்சிப்பொருள் எழுதியது:

மேலே இருவரும் சொன்னதை நம் இலக்கணமே வேறு மொழியில் சொல்லியிருக்கிறது. தொல்காப்பியத்தில் விலங்கு கருப்பொருள், அதாவது தெய்வம், மரம், பறவை போல அந்தந்த நிலத்துக்கு உரியவற்றில் ஒன்று. வெளியே சொல்லாமல் உள்ளே பொருளை ஒளித்துவைக்கிற உள்ளுறை உவமத்தை எதன்மேல் கட்டலாம் என்று சொல்லும்போது கருப்பொருளில் தெய்வத்தை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றைக் கொள்ளலாம் என்கிறார். இதைத் தொழில்நுட்பக் குறிப்பாகவே படிக்கலாம்: விலங்கைத் தெய்வமாக்கிவிட்டால் அதற்குள் வேறொரு பொருளை ஒளித்துவைக்க இடமில்லை. உங்கள் இரண்டாம் படியில் நடந்தது இதுதான். உள்ளுறையில் விலங்கு தன் வேலையைத் தன் காரணத்துக்காகச் செய்துகொண்டு போகும், மனிதர் விஷயம் அதனடியில் தானாக ஊறும். 'மலையின் கோபம் கொம்பில் ஏறியது' என்று நீங்களே சொல்லிவிட்டால் ஊற ஒன்றும் மிச்சமில்லை.

திருமுருகாற்றுப்படை முடிகிற இடத்தைப் பாருங்கள். பழமுதிர்சோலை அருவி இறங்குகிறது, கரடி கல்குகையில் போய் ஒடுங்குகிறது, 'கருங்கோட்டு ஆமா நல்லேறு சிலைப்ப'. ஆமா என்பதே நம் பழைய சொல், காட்டுப்பசு. அந்தக் காளை முழங்குகிறது, அவ்வளவுதான். யாரையும் தண்டிக்கவில்லை, யாருக்கும் ஆசி வழங்கவில்லை. முருகனின் மலையில், முருகனைப் பற்றிய பாட்டிலேயே, அது வெறும் மாடு.

குறிஞ்சியை 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' என்று பள்ளிப் புத்தகத் தொனியில் எழுதுவதையும் விட்டுவிடுங்கள். தினைப்புனத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தது காவலுக்கு. குறிஞ்சிப்பாட்டில் கிளி ஓட்டத் தழல், தட்டை, குளிர் என்று கருவிகளே வருகின்றன. அதே பாட்டில் மதயானை வருகிறது, தலைவன் அம்பு எய்கிறான். காதலே காவல் வேலையின் நடுவில்தான் பிறக்கிறது. மலைக்காரருக்கும் விலங்குக்கும் இருந்த உறவு ஆதியிலிருந்தே வேலியும் பரணும் கவணும் வைத்த உறவு. அதை வெள்ளைக்காரன் காப்பி கெடுத்தது என்று எழுதுவது பாதி உண்மை.

சொல் விஷயத்தில் என் கருத்து: உரையாடலில் காட்டெருமை என்றே வரட்டும், ஊரில் வாயில் வருவது அதுதான். கதைசொல்லி காட்டுமாடு என்று எழுதலாம், ஏனென்றால் அது எருமையினமல்ல, பசுவுக்கு நெருங்கிய இனம். எஸ்டேட் மேனேஜர் வாயில் 'பைசன்' வரலாம். ஒரே விலங்குக்கு மூன்று பேர் வாயில் மூன்று பெயர். யார் எங்கே நின்று பார்க்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், முத்தம்மாள் மலையாளி பழங்குடிப் பெண் என்றால் அந்தச் சொல்லை முதலிலேயே தெளிவாக்கிவிடுங்கள். கேரளத்துக்காரர் என்று வெளியூர் வாசகர் நினைத்துவிடுவார். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் மூத்தவர் வழி சேர்வராயனில் தங்கியது என்பது அவர்கள் மரபுக்கதை. அந்தக் கதையின்படி பார்த்தால் அவர்களும் மலைக்கு வந்தேறியவர்கள்தான். மலையின் 'ஆதி' குரலாக அவளை ஆக்காதீர்கள்.

வெண்காலுறை எழுதியது:

கடைசி விஷயத்தில் கொஞ்சம் மாறுபடுகிறேன். முத்தம்மாளின் மாமியார் 'சேர்வராயன் சாமி அனுப்பின மாடு' என்று சொன்னால் அதை வெட்டிவிட வேண்டாம். அவர் அப்படித்தான் பேசுவார். கதைசொல்லி அதை வழிமொழியக் கூடாது, அவ்வளவுதான்.

இறைச்சிப்பொருள் எழுதியது:

சரிதான். மாமியாருக்கு நம்பிக்கை, சரகருக்குச் சட்டம், மேஸ்திரிக்குப் பறிப்புக் கணக்கு. மாட்டுக்கு மட்டும் கருத்து வேண்டாம்.

அடிவாரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. ஊசியை எடுத்துவிட்டேன், சரிவு வெட்டுவதோடு நிற்கிறது. பத்தியைத் திருப்பி எழுதிப் பார்த்தேன்:

"உதிர்ந்த பழம் பொறுக்கக் குந்திய முத்தம்மாளுக்கு, அடுத்த வரிசைச் செடிக்குக் கீழே இரண்டு வெள்ளைக் கால்கள் தெரிந்தன. அட்டைக்குப் பயந்து யாரோ சாக்கைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். 'யாரு, செல்வியா?' என்றாள். பதில் இல்லை. அந்தக் கால்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு இருந்தன. மாட்டுத் தொழுவத்து வாசனை வந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் கல்லுக்கட்டு."

களத்துமேடு எழுதியது:

இப்போது மாடு வந்துவிட்டது. இரண்டு திருத்தம். கால் வெள்ளை என்றாலும் டிசம்பர் ஈரமண்ணில் நடந்த காலுக்கு அழுக்கேறிய மஞ்சள்தான் இருக்கும், சாக்கு என்று அவள் நினைப்பதற்கும் அதுவே பொருத்தம். கல்லுக்கட்டை அவளுக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள், அதனால் அவளுக்கு வழியில்லை. மாட்டுக்கும் வழியில்லாமல் போக வேண்டும். அந்தக் கல்லுக்கட்டில் ஆட்கள் ஏறி இறங்க ஒரு திறப்பு விட்டிருப்பார்கள், மாடு வழக்கமாக மேலேறுகிற தடமும் அந்தத் திறப்பு வழியாகத்தான். முத்தம்மாள் அங்கே குந்தியிருக்கட்டும்.

பிறகு ஒன்று. அவளை ஜீப்பில் ஏற்றி அனுப்பியபின் அத்தியாயத்தை முடித்துவிடாதீர்கள். பறித்த பழம் அன்றைக்கே தோலுரிக்கிற பல்ப்பர் இயந்திரத்துக்குப் போக வேண்டும், கிடந்தால் புளித்துவிடும். சாயங்காலம் களத்தில் தராசு வைப்பார்கள். முத்தம்மாளின் பாதி மூட்டை அங்கே வந்து சேரும். கணக்கெழுதுகிற ரைட்டர் அதை யார் பெயரில் எழுதுகிறார், எத்தனை கிலோ என்று எழுதுகிறார், அதை எழுதுங்கள்.